அறுந்த இழையின் சத்தம்

மின்சாரம் போன நண்பகலில் சேவூர்த் தறிக்கூடம் ஓய்ந்து கிடக்கிறது. கண்ணாடி ஓடு வழியே இறங்கும் வெயிலில் பட்டுத்தூசு மிதக்கிறது. பாட்டுக்காரி ஹெப்சிபா தன் குழுவின் முதல் ஆல்பத்தைச் சின்ன பேட்டரி ஸ்பீக்கரில் போடுகிறாள். வெளிவந்து நாலு மாதமாகியும் இசைத்தட்டுகள் பெட்டியை விட்டு நகரவில்லை. கேட்ட சிலரும் வெறும் இரைச்சல் என்றுவிட்டார்கள். இதே கூடத்தில் பதிவு செய்த தறிச்சத்தத்தின் மேல் அவள் குரல் மெல்ல ஏறுகிறது. “எங்க சத்தத்தையே எடுத்துகினு வந்து எங்களுக்கே விக்கிறியா, பாப்பா?” என்கிறாள் தறி ஓட்டும் பரிமளா. கூடமே சிரிக்கிறது. மூன்றாம் பாட்டு பாதி போயிருக்கும். பரிமளாவின் வலக்கை சட்டென்று நீண்டு, ஓடாத தறியின் கைப்பிடியை இழுத்து நிறுத்துகிறது. “இழை அறுந்துபோச்சு” என்று குனிந்து பாவு நூல்களுக்குள் தேடுகிறாள். பிறகுதான் தறி ஓடவில்லை என்பது நினைவு வந்து, நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். ஹெப்சிபா ஸ்பீக்கரையும் பரிமளாவின் கையையும் மாறி மாறிப் பார்க்கிறாள். பதிவின்போது இழை ஒன்று அறுந்து, தறியின் தாளம் ஒரு நொடி பிசகியது. அந்தப் பிசகுக்காகத்தான் இந்தப் பாட்டையே கட்டினாள். இதுவரை ஒருவர் காதிலும் அது விழவில்லை. இப்போது யாரும் சிரிக்கவில்லை. வெயிலில் தூசுகூட நின்றுவிட்டதுபோல் இருக்கிறது. “இன்னொரு தபா போடு, கண்ணு” என்கிறாள் பரிமளா, கைப்பிடியை விடாமல்.