தட்டோடு வந்தவன்

காபி தயாரானதும் கவுண்டரிலிருந்து இளமாறனின் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தக் கடையில் நாமேதான் போய் எடுத்துவர வேண்டும். திருமண இணையதளத்தில் பேசிப் பழகிய சுகந்தி, முதன்முதலாக அவனை நேரில் பார்க்க வந்து மேஜையில் காத்திருந்தாள். அவன் மனைவி வசுமதி இறந்தது அவளுக்குத் தெரியும். இவள் வேண்டாமென்றுவிட்டால் இன்னொருத்தியிடம் முதலிலிருந்து பேச அவனுக்குத் தெம்பில்லை. தட்டைத் தூக்கினான். சுகந்தி கன்னத்தில் கைவைத்து அவன் நடந்து வருவதையே பார்த்தாள். கோப்பைகள் கிடுகிடுத்தன, தலை தானாகக் குனிந்தது. பெண் பார்க்கப் போன அன்று வசுமதியும் இப்படித்தான் தட்டோடு வந்தாள். "நடையில குறையில்லடா," என்று அத்தை அவன் காதைக் கடித்தாள். அவன் கேசரி தின்றுகொண்டிருந்தான்.

மேஜையில் வைத்தபோது பாதிக் காபி தட்டில் கிடந்தது.

"என்ன சார், கை இந்த நடுக்கம் நடுங்குது?" சுகந்தி சிரித்தாள். "சரி, பாடத் தெரியுமா?"

அத்தையும் அன்று இதைத்தான் கேட்டாள். வசுமதி பாடினாள். என்ன பாட்டு என்று எவ்வளவு யோசித்தும் அவனுக்கு நினைவு வரவில்லை.

"ஐயோ, சும்மா கேட்டேங்க," என்றாள் சுகந்தி.

யாராவது உட்காரச் சொல்லட்டும் என்பதுபோல அவன் நின்றுகொண்டே இருந்தான்.