ஊர் விலை

"ஒரு வகுப்புக்கு ஊராருக்கு ஐந்நூறு. வெளிநாட்டாருக்கு மூவாயிரம்" என்றாள் இங்கிலிஸ் மிஸ்.

ஜெகதீசுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஐந்நூறு ரூபாத் தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். காற்று அள்ளிக்கொண்டு போய்விடாமல் ஓட்டோவைக் கிளப்பும் திறப்பை அதன்மேல் பாரமாகவும் வைத்தான்.

மிஸ் தாளைப் பார்த்தாள். ஆளைப் பார்த்தாள்.

"மிச்சம் ரெண்டாயிரத்து ஐந்நூறு?"

மேசை வேப்பமரத்துக்குக் கீழே கிடந்தது. மிஸ் லண்டனிலிருந்து வந்து மூன்று கிழமைதான். அவளுடைய தமிழ் கல்லில் தடக்கித் தடக்கி நடக்கும், ஆனால் விழாது. வந்த இடத்தில் சும்மா இருக்க ஏலாமல் மரத்தில் ஒரு பலகையைக் கொழுவி வகுப்புத் தொடங்கியிருந்தாள்.

"மிஸ், நான் ஊர்காவற்றுறையில பிறந்தவன். ஞானஸ்நானம், புதுநன்மை, கலியாணம் எல்லாம் உந்தக் கோயிலிலதான். அப்பாவைத் தாட்டதும் அங்கதான். நான் எப்பிடி வெளிநாடு?"

"இது இங்கிலிஸ் வளவு. இதுக்கை நான் ஊர்க்காரி. நீர் பெட்டியோட வந்திறங்கின ஆள்."

பெட்டி என்றதும் ஜெகதீஸ் தலையை உயர்த்தி வேப்பங்கொப்புகளைப் பார்க்கத் தொடங்கினான்.

விலை இரண்டாக இருப்பது இந்தத் தீவில் புதினம் இல்லை. இளநீருக்கு இரண்டு விலை. நண்டுக்கு இரண்டு விலை. கனடாவிலிருந்து வந்த ஒருவரின் சட்டையில் எச்சமிட்ட காகம்கூட ஊராளுக்கு இடுவதைப் போல ஆறு மடங்கு இட்டதாகத் தேத்தண்ணிக்கடை யாக்கோப்பு சத்தியம் பண்ணுவார். கேட்டால் சட்டையையும் எடுத்துக் காட்டுவார்.

ஜெகதீசும் அந்த முறையில் வளர்ந்தவன். பஸ் நிலையத்திலிருந்து இந்த வளவுக்கு அவனுடைய ஓட்டோவில் ஊராளென்றால் ஐந்நூறு. சில்லுப் பூட்டின சூட்கேசோடு வந்தால் மூவாயிரம்.

மிஸ் வந்திறங்கிய அன்று அவளுடைய சூட்கேசில் நாலு சில்லு இருந்தது.

அன்று அவள் கேற்றடியில் மூன்று ஆயிரம் ரூபாத் தாள்களை எண்ணிக் கொடுத்துவிட்டு அவனுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவ்வளவுதான்.

வேறு விஷயமென்றால் ஜெகதீஸ் இப்போது எழும்பிப் போயிருப்பான். ஆனால் லண்டனில் றஞ்சனி இருக்கிறாள். கலியாணத்துக்கு வந்து, அவனைக் கட்டி, திரும்பிப் போன மனைவி. மகளும் இருக்கிறாள். போனுக்குள் பிறந்து, போனுக்குள் தவழ்ந்து, இப்போது போனுக்குள் நடக்கிறாள்.

விசாவுக்கு இங்கிலிசில் பேசிக் காட்ட வேண்டும். இரண்டு தரம் கொழும்புக்குப் போனான். இரண்டு தரமும் சோதிக்கிறவர் வாயைத் திறந்தவுடன் இவனுடைய வாய் பூட்டிக்கொண்டது. திறப்பு ஊர்காவற்றுறையில் நின்றுவிட்டது. அடுத்த மாதம் மூன்றாம் தரம். அதுவும் தவறினால் இனிச் சோதனைக்குக் கட்டக் காசில்லை என்று றஞ்சனி சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவள் கோபப்படாததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"கொழும்பில விளங்கேல்லை எண்டாவது சொல்லியிருக்கலாமே?" என்றாள் மிஸ். "ஐ டோன்ற் அண்டர்ஸ்ராண்ட். அவ்வளவுதான். பேசாமல் இருக்கிறதிலும் அது திறம். சொல்லும் பாப்பம்."

ஜெகதீஸ் வாயைத் திறந்தான். காற்று வந்தது. சத்தம் வரவில்லை.

"மீன் விக்கிற செபஸ்தியம்மாவைப் பாரும். 'யூ நோ போன் மீ, ஐ ஆங்கிரி' எண்டு கனடாவில இருக்கிற பேரனுக்குக் குரல் பதிஞ்சு அனுப்பி ஏசுறா. முழுக்கப் பிழை. ஆனா அவன் பதறிப்போய் அடுத்த நிமிசம் போன் எடுக்கிறான். அவ ஊர். ஐந்நூறு. வாய் திறக்கப் பயப்பிடுற ஆக்கள்தான் வெளிநாடு."

"கொஞ்சம் குறைக்க ஏலாதோ மிஸ்?"

"அண்டைக்கு நீர் குறைச்சனீரோ?"

ஜெகதீஸ் ஐந்நூறை எடுத்துப் பையில் வைத்துவிட்டு, மூன்று ஆயிரம் ரூபாத் தாள்களை மேசையில் வைத்தான். ஒவ்வொன்றையும் வைக்கும்போது ஒரு பல்லைப் பிடுங்கி வைப்பது போல வைத்தான்.

அப்போதுதான் குசினியிலிருந்து அகப்பையும் கையுமாக அவனுடைய தாய் மேரிஜோசப்பின் வந்தாள்.

"அக்காவும் தம்பியும் விடிஞ்சதில இருந்து என்ன குசுகுசுப்பு? புட்டு ஆறுது." பிறகுதான் மேசையைக் கண்டாள். "இது என்ன காசு?"

"பஸ் நிலையத்தில இருந்து இங்க வாற கூலியைப் பற்றிக் கதைச்சனாங்கள், சின்னம்மா" என்றாள் மிஸ்.

மேரிஜோசப்பின் காசைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் கரையேறி வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"டேய்! முப்பது வருசத்துக்குப் பிறகு என்ர அக்கான்ர பிள்ளை வாறாள், போய்க் கூட்டிக்கொண்டு வாடா எண்டெல்லோ உன்னை அனுப்பினனான். அவளிட்டைக் கூலி வாங்கினனியோ?"

அகப்பை மேலே போனது.

ஜெகதீஸ் தாயைப் பார்த்தான். அகப்பையைப் பார்த்தான். பூட்டுத் தானாகத் திறந்துகொண்டது.

"ஐ டோன்ற் அண்டர்ஸ்ராண்ட்" என்றான்.

லண்டனில் பிறந்தவன்கூட அவ்வளவு திருத்தமாகச் சொல்லமாட்டான்.

மிஸ் மேசையிலிருந்து ஒரு தாளை மட்டும் எடுத்தாள். எடுத்து, ஐந்நூறு மிச்சம் கொடுத்தாள்.