வெளியே போட்ட நாற்காலிகள்

ஒரு வாரம் வராதவரின் பெயரை அடித்துவிட்டு, நாற்காலியையும் வெளியே போட்டுவிட வேண்டும் என்பது சமுதாயக் கல்லூரி முதல்வரின் உத்தரவு. நர்சிங் உதவியாளர் வகுப்பெடுக்கும் செலினா தன் கையாலேயே ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டடத்தின் பின்னால் போட்டுவந்தாள். இன்று வகுப்பை எட்டிப் பார்த்த முதல்வர் பூரித்துப்போனார். "பாத்தீங்களா மிஸ், ஒரு சேர்கூட காலியில்ல. இந்த வருஷம் எல்லாருமே படிப்ப முடிச்சிருவாங்க." அவர் போனதும், வெயில் அடிக்கிறதென்று பின்பக்கச் சன்னலைச் சாத்தப் போனவள் வெளியே பார்த்தாள். அவள் தூக்கிப் போட்ட நாற்காலிகள் வரிசையாக நிமிர்ந்திருந்தன. மில் சீருடையோடு தில்ஷாத், கைக்குழந்தையோடு மாரிக்கனி, பெயர் அடிக்கப்பட்ட அத்தனை பேரும் மடியில் நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"சன்னலச் சாத்திராதீங்க மிஸ்," என்றாள் மாரிக்கனி. "இப்பவே பாதிதான் காதுல விழுது."