மரம் கொடுத்தவன்

“தொட மாட்டேன்,” என்றான் நாகலிங்கம். கோயில் வேலிக்கு வெளியே, வண்டிப் பாதைக்கும் அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் சொன்னான்.

அப்பாசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயில் தர்மகர்த்தா அவர். தோட்டத்தில் கூலிகளை வேலை வாங்குகிற சிர்தார் வேலை, ஆட்களை அதட்டியே பழகிய தொண்டை. கொடியேற்றுகிற நாளும் அதுவுமாக ஒருத்தன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

கொடிமரம் நாகலிங்கத்தினுடையது. ரிவியேர் தே ஸாங்கீய் ஆற்றுக்கு மேலே, அவன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய கரும்புக் காணியின் ஓரத்தில் நின்ற பாக்கு மரம். இடி விழாதது, பொந்து இல்லாதது, பறவை கூடு கட்டாதது. அப்பாசாமியும் தன் சவுக்கு மரத்தைக் கொடுக்கத்தான் பார்த்தார். கோணல் இருக்கிறது என்று பூசாரி ஒரே பேச்சில் தள்ளிவிட்டார். நேற்று பாக்கு மரத்தை வெட்டி, மண்ணில் படாமல் தோளிலேயே சுமந்து வந்து சேர்த்தார்கள்.

அதுவரை எல்லாம் சரிதான். பரிவட்டத்தில்தான் வந்தது வினை. அந்தப் பட்டுத் துணியை வழக்கம்போலத் தர்மகர்த்தா தலையில்தான் கட்டுவது என்று முடிவானதும் நாகலிங்கம் குதித்தான். “மரம் என்னது, மரியாதை உங்களுக்கா?” என்று ஊர் கேட்கக் கத்திவிட்டுப் போனான்.

இன்றைக்கு அதற்குத்தான் வஞ்சம் தீர்க்கிறான் என்று அப்பாசாமி நினைத்தார். மரம் கொடுத்தவன் அடிமரத்தில் கை வைத்த பிறகுதான் மரத்தை நிமிர்த்துவது முறை. பானகம் கலக்க வருகிறேன் என்ற அவன் பெண்டாட்டி கோவிந்தம்மாவையும் காணோம். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள், வேறென்ன?

மற்ற வருஷமாக இருந்தால் போடா என்று விட்டிருப்பார். போன தையில், கொடியேற்ற வேண்டிய காலையில் ஒரு கிழவர் கண்ணை மூடினார். ஊரில் பிணம் கிடக்கும்போது கொடி எப்படி ஏறும்? மரம் கிடந்து மக்கியது, திருவிழா நின்றது. இந்த வருஷமும் கொடி பறக்காவிட்டால் கோயில் இடத்தில் கரும்பு நட்டுவிடுவேன் என்று தோட்டத்து வெள்ளைக்கார முதலாளி மிசே சொல்லிவிட்டார். லீவு கொடுத்ததும் இன்றைக்கு ஒருநாள்தான். பார்த்துவிட்டுப் போக அவரே வந்து, அதோ, குதிரை வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்.

அப்பாசாமி வேலியைத் தாண்டி வெளியே வந்தார்.

“நேத்து பேசினதை இன்னும் மனசுல வச்சிருக்கியா?”

“இல்லண்ணே.”

“பின்ன என்ன கேடு உனக்கு? பரிவட்டம்தான வேணும், இந்தா, நீயே கட்டிக்க.” தலையிலிருந்ததை அவிழ்த்து நீட்டிக்கொண்டே பாதையைக் கடந்தார். அந்த மனுஷர் பிறந்ததிலிருந்து யாரிடமும் இவ்வளவு இறங்கிப் போனதில்லை.

நாகலிங்கம் சட்டென்று பின்னால் நகர்ந்தான். “கிட்ட வராதீங்கண்ணே. நீங்களே கட்டிக்குங்க.”

நாலு பேர் பார்க்க நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. குளித்துத் திருநீறு பூசி வர வேண்டிய நாளில் அவன் நெற்றி வெறுமையாக இருந்ததை அப்பாசாமி அப்போதுதான் கவனித்தார். சாமி மேலேயே கோபமா இவனுக்கு?

“கோவிந்தம்மா எங்க?”

“வீட்டுல. பாக்கியத்துகிட்ட இருக்கா.”

பாக்கியம் அவர்களுடைய ஒரே மகள். “அதுக்கு என்னமோ காய்ச்சல்னாங்களே?”

“விட்டுடுச்சு.” தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பிறகு பூசாரிக்குக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினான். “மரத்தை நேத்தே சாமிக்குக் குடுத்துட்டேன். மனசாரச் சொல்றேன், ஏத்துங்க.”

“குடுத்தவன் வாயால சொல்லியாச்சு, அது போதும்,” என்றார் பூசாரி. “நேரம் போகுது. தர்மகர்த்தா, நீங்க வந்து கை வைங்க.”

“கல்யாண வீட்ல மாப்பிள்ளையா இருக்கணும், சாவு வீட்ல பொணமா இருக்கணும் இவனுக்கு,” என்று முணுமுணுத்துக்கொண்டே அப்பாசாமி திரும்பி வந்தார். பரிவட்டத்தைத் திரும்பத் தலையில் சுற்றிக்கொண்டு அடிமரத்தில் கை வைத்தார்.

குழியில் பாலும் நவதானியமும் விட்டு மரத்தை நிமிர்த்தினார்கள். தரையில் படாமல் ஏந்தியிருந்த மஞ்சள் துணி, சேவல் படத்தோடு ஆடி ஆடி மேலே போனது. அரோகரா என்று ஊரே குரல் கொடுத்தது. மிசே அண்ணாந்து பார்த்தார், தலையை ஆட்டினார், வண்டியைத் திருப்பச் சொன்னார். கோயில் பிழைத்தது.

அப்பாசாமிக்கு ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை. இவனை ஊரைவிட்டே தள்ளி வைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டு போனார். நாகலிங்கம் நின்ற இடத்திலேயே நின்று கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் கோவைப் பழமாகச் சிவந்திருந்தது.

“இப்ப திருப்தியா உனக்கு?”

“நல்லா ஏறிடுச்சில்லண்ணே? இனி எறக்கச் சொல்ல மாட்டாங்கல்ல?”

“எவன் சொல்லுவான்? மிசேயே பாத்துட்டுப் போயிட்டாரு.”

நாகலிங்கம் தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

“அப்ப, கோவிந்தம்மாவை இனிமே வாய்விட்டு அழச் சொல்லலாமாண்ணே?”