தொடாத கை
லாரிக் கூரையின் விளிம்பில் ஜெசெல் உட்கார்ந்திருக்கிறாள். கால்களில் கட்டிய நெட்டை மரக்கால்கள் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் தெருவரை தொங்குகின்றன. கார்னிவல் திருவிழா வெயிலில் தார் மினுங்குகிறது. ஊர்வலத்தின் ஸ்டீல் மேளங்கள் மூலை திரும்பிவிட்டன, இனி அவள் எழுந்து அவற்றோடு நடந்தாக வேண்டும். போன வருடம் அவள் விழுந்ததும் இதே தெருவில்தான். கீழே கெஸ்டர் நிற்கிறான், உல்லாசக் கப்பல் மேடைகளில் பல வருடம் அவளைத் தூக்கி வீசி, ஒருமுறைகூடத் தவறவிடாமல் பிடித்த ஜோடி ஆட்டக்காரன். தோள் கெட்டபின் இந்த லாரியை ஓட்டுகிறான். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். “எம்மேல கைய வெச்சிராத. தொட்டா சாஞ்சிருவேன்” என்கிறாள் ஜெசெல். “கப்பல்ல புடிக்கலைன்னா திட்டுவே, இங்க புடிச்சா திட்டுவே. எந்திரி தாயே, வெயில்ல மண்ட காயுது.” அவள் உந்தி எழுகிறாள். இடது மரக்கால் யாரோ குடித்தெறிந்த இளநீர்க் கூட்டில் பட்டு வழுக்குகிறது. அவளுடைய மஞ்சள் பட்டு உடை ஒரு பக்கமாகச் சாய, கூட்டம் ‘ஐயோ’ என்கிறது. கெஸ்டரின் கைகள் தாமாக மேலே பாய்ந்து, அவளைத் தொட ஒரு விரல்கடை இருக்கையில் நின்றுவிடுகின்றன. அவள் ஓர் எட்டு வைக்கிறாள், இன்னொன்று, நிமிர்கிறாள். மேளங்கள் அவளை வாங்கிக்கொண்டு போகின்றன. கெஸ்டரின் வலது கை இன்னும் தலைக்கு மேலேயே நிற்கிறது. வலி இப்போதுதான் வருகிறது.