மூன்று முறை செத்தவர்

"ஒரே நாள்ல என்னை மூணு தடவை சுறா தின்னுச்சு பாய். காலையில ரெண்டு தடவை, மத்தியானம் சோத்துக்கப்புறம் ஒரு தடவை!"

பெர்மாஸ் ஜெயாவில் அந்தச் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் இது மனப்பாடம். திருச்செல்வம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாரே தவிர, எதையும் நாற்பது அடி தூக்கிக் காட்டுகிற பழக்கத்தை விடவில்லை.

கடைக்காரர் சர்புதீன் தே தாரிக் டீயை இழுத்து ஆற்றிக்கொண்டே கேட்டார்: "சுறா தின்ன ஆளு எப்படிண்ணே இங்க உக்காந்து ரொட்டி சானாய் திங்கிறீங்க?"

"டிவி படம் லா பாய்! கெலாங் பாத்தா கடலோரத்துல எடுத்தாங்க. அவங்ககிட்ட காசு இல்ல. இருந்தது ஒரே ஒரு சுறா, சாகுறதுக்கு நாலே ஆளு. சட்டையை மாத்தி மாத்தி நானே செத்தேன். மொதல்ல டூரிஸ்ட், அப்புறம் மீன்காரன், கடைசியில டாக்டர்!"

"பொய். நீங்க அந்தப் பக்கமே போயிருக்க மாட்டீங்க. இன்னிக்குச் சாயங்காலம் அந்தப் படம் போடுறாங்கல்ல? உங்க முகம் தெரியலைன்னா ஒரு மாசத்துக்கு இந்தக் கடையில திங்கிறதுக்கு மட்டும்தான் வாயைத் திறக்கணும். சரியா?"

"ரெண்டு மாசமா வைங்க. காது கொஞ்சம் ஆறட்டும்" என்றார் கல்லாவில் இருந்த சர்புதீனின் மனைவி ஜெய்னம்பு.

திருச்செல்வம் வீம்புக்குச் சரி என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் பேசாமல் இருப்பதற்கு, நாலாவது தடவையும் சுறாவிடமே போய்விடலாம்.

சாயங்காலம் கடையில் நிற்க இடமில்லை. திரையில் சுறா வந்தது. முதுகில் தையல் தெரிந்தது. முதலில் ஒரு தொப்பி மிதந்தது. அடுத்து ஒரு பின்மண்டை முங்கியது. கடைசியில் வெள்ளைக் கோட்டோடு இரண்டு கால்கள் வானத்தைப் பார்த்து உதைத்தன.

"அது என் காலு!" திருச்செல்வம் துள்ளி எழுந்தார்.

"காலுல பேரு எழுதியிருக்காண்ணே?"

கடையே சிரித்தது. நடிகர்களின் பெயர் வருகிற நேரத்தில் சோப்புத்தூள் விளம்பரம் வந்துவிட்டது.

"முடிஞ்சது. இன்னியிலேருந்து ஒரு மாசம்" என்றார் சர்புதீன்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன் பாய். தப்பு என் மேல இல்ல. அந்தச் சுறா இருக்கே, சரியான சோம்பேறி! கடிக்கவும் தெரியல, நீந்தவும் தெரியல. ஊறிப்போன தலகாணி மாதிரி கெடந்துச்சு. நானேதான் அது வாயைப் பிளந்து என் தலையில மாட்டிக்கிட்டேன். அதனாலதான் மூஞ்சி தெரியல!"

சர்புதீன் கையிலிருந்த குவளை மேசையில் டம்மென்று இறங்கியது.

"யாரு சோம்பேறி? நாலு மணி நேரம் அந்த ரப்பருக்குள்ள மூச்சு முட்டினது எனக்குல்ல தெரியும்! நீங்க ஒதைச்ச ஒதையில என் கடவாய்ப் பல்லே ஆடிப்போச்சு!"

ஜெய்னம்பு கல்லாவை விட்டு மெல்ல எழுந்தார்.

"என்னங்க… என் தம்பி கல்யாணத்துக்கு வர முடியாம இடுப்புப் பிடிச்சிருக்குன்னு வீட்டுல படுத்தீங்களே, அன்னிக்கா?"

சர்புதீன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா ஜெய்னம்பு. அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. மூணு தடவையும் தின்னது நான்தான்."