இருபதாவது பேர்

"இன்னைக்கு ஒரு நாளைக்கு நீ முப்பிடாதி இல்லட்டி, சாலோமி. எங்க, சொல்லு பாப்போம்."

"சாலோமி," என்றாள் முப்பிடாதி. "என் ஆட்டையெல்லாம் யாரு மேய்க்க?"

"என் சம்சாரம் பாத்துக்கிடுவா. நீ பேரை மறந்துராத," என்றார் ஞானையா வாத்தியார்.

அன்றைக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாள். பதிவேட்டில் இருபது பேர், பாயில் பத்தொன்பது. நிஜச் சாலோமி குடும்பத்தோடு சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. அவள் பெயரை அடிக்க அவருக்குக் கை வரவில்லை. இருபதில் ஒன்று குறைந்தாலும் மானியம் நின்றுவிடும். அப்புறம் பள்ளிக்கூடத்தைப் பூட்டிச் சாவியைப் பாளையங்கோட்டை மிஷனில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அதனால் இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் அந்தப் பக்கத்து வாத்தியார்கள் செய்கிற காரியத்தை அவரும் செய்தார். பக்கத்துக் குடியிருப்பில் ஒரு பிள்ளையை இரவல் வாங்கிக்கொண்டார். இதில் அவருக்கு முப்பது வருசப் பழக்கம்.

ஆனால் மனுஷரிடம் ஒரு கிறுக்கு உண்டு. மற்றவர்கள் இரவல் பிள்ளையிடம் வாயைத் திறக்காதே என்று சொல்லி உட்கார வைப்பார்கள். இவருக்கோ பாயில் வந்து உட்கார்ந்த பிள்ளையைச் சும்மா திருப்பியனுப்ப மனசு வராது. காலையிலிருந்து முப்பிடாதியின் விரலைப் பிடித்துச் சிலேட்டில் சா, லோ, மி என்று எழுத வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கோடெல்லாம் எனக்கு எதுக்கு? ஆட்டை எண்ணத் தெரியும், அது போதும்," என்றாள் அவள்.

"நீ இங்கன இல்லாட்டாலும் இந்தக் கோடு உன் பேரைச் சொல்லும்டி. கண்ணால உன்னைப் பாத்திராத ஆளு படிச்சாலும் சொல்லும்."

முப்பிடாதி சிலேட்டையே வெகுநேரம் பார்த்தாள். அதற்கப்புறம் ஆட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. அழித்து அழித்து அவளாகவே பத்துத் தடவை எழுதிவிட்டாள். வாத்தியாருக்குப் பெருமை பிடிபடவில்லை, பயம்கூடக் கொஞ்ச நேரம் மறந்து போயிற்று.

வில்வண்டி வந்து நின்றது. புது இன்ஸ்பெக்டர் இறங்கினார். தலைப்பாகை, கோட்டு, நெற்றி நிறையத் திருநீறு. பெயர் பாக்கியசீலன். திருநீறு பூசுகிறவருக்கு கிறிஸ்தவ வேதக்காரர் பெயர் எப்படி வந்தது என்று வாத்தியார் ஒரு கணம் விழித்தார். அதையெல்லாம் கேட்கிற நிலைமையிலா அவர் இருந்தார்?

வாத்தியார் பதிவேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிட்டார். "சாலோமி."

"உள்ளேன் ஐயா," என்றாள் முப்பிடாதி, கணீரென்று. வாத்தியாருக்கு மூச்சு வந்தது.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு சிலேட்டாகப் பார்த்துக்கொண்டு வந்து அவளிடம் நின்றார். "நல்ல எழுத்து. யார் சொல்லிக் கொடுத்தது?"

"வாத்தியாரு. ஐயா, எம்பேரை எப்படி எழுதணும்?"

"அதுதான் எழுதியிருக்கிறாயே."

"இது சாலோமி பேரைல்லா சொல்லுது. எம்பேரு முப்பிடாதி."

பத்தொன்பது பிள்ளைகளும் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார் கூரையைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் சன்னல் பக்கம் போனார். வெளியே குடை பிடித்த ஒரு அம்மாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆட்டு மந்தைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

"அது யார்?"

"என் சம்சாரம் யூனிஸ்தான் ஐயா." இனி மறைக்க என்ன இருக்கிறது? "தப்புத்தான் ஐயா. சாலோமி சிலோனுக்குப் போயிட்டா. பத்தொம்பது பிள்ளைதான் இருக்கு. இதுக நாளைக்கு எங்கன போகும்னு நெனைச்சேன், புத்தி இப்படிப் போயிட்டு."

இன்ஸ்பெக்டர் முப்பிடாதியின் பக்கம் குனிந்தார். "நாளைக்கும் வருவாயா?"

"எம்பேரை எழுதச் சொல்லித் தந்தாகன்னா வாரேன். ஆட்டையும் பத்திக்கிட்டுத்தான் வருவேன்."

"வரட்டும், ஆட்டுக்கு நான் மானியம் கேக்க மாட்டேன் ஐயா," என்றார் வாத்தியார் அவசரமாக. "அவ அப்பன்கிட்ட நானே போயிப் பேசுதேன்."

இன்ஸ்பெக்டர் பதிவேட்டை வாங்கினார். சாலோமி என்ற பெயரைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். அதற்குக் கீழே இன்ஸ்பெக்டர் நிதானமாக முப்பிடாதி என்று எழுதினார். மேலிருந்து கீழே ஒருமுறை எண்ணினார்.

"இருபது. சரியாக இருக்கிறது," என்று கையெழுத்துப் போட்டார்.

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டிவரைக்கும் கூடவே ஓடினார். வண்டியில் ஏறக் கால் வைத்த இன்ஸ்பெக்டர் திரும்பினார். அதுவரை அச்சடித்த மாதிரி பேசிக்கொண்டிருந்தவரின் பேச்சு சட்டென்று ஊர்ப் பேச்சாகிவிட்டது.

"ஒண்ணு சொல்லுதேன், ஐயா. இனிமே எந்தப் பிள்ளைக்கும் மொதல்ல அதோட சொந்தப் பேரை எழுதச் சொல்லிக் குடுங்க. முப்பது வருசத்துக்கு முந்தி இதே பாயில, காய்ச்சல்ல கெடந்த ஒருத்தனுக்குப் பதிலா, ஆடு மேய்ச்ச பயலை ஒரு நாள் இரவல் வாங்கி உக்கார வச்சீக. அன்னைக்கும் ஆட்டை இந்த அம்மாதான் மேய்ச்சாக, ஒரு குட்டியத் தொலைச்சிட்டாக."

வாத்தியாருக்கு நினைவு வரவில்லை. குட்டி தொலைந்தது மட்டும் நினைவு வந்தது.

"மறுவாரமே அவன் அப்பன் பிழைப்புக்குக் களக்காட்டுப் பக்கம் போயிட்டாரு. படிக்கணும்னு அந்தப் பய மூணு நாளு சோறு திங்காம அழுதான். அங்கன பள்ளிக்கூடத்துல சேக்கும்போது, ஒன் பேரை எழுதிக் காட்டுலேன்னு சொன்னாக." இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொண்டார். "அவனுக்கு எழுதத் தெரிஞ்சது அந்தக் காய்ச்சக்காரனோட பேரு ஒண்ணுதான், பாக்கியசீலன். எங்க ஆத்தா எனக்கு வச்ச பேரு சொரிமுத்து, ஐயா."